கால் வீடு: மாஜுலிக் குறிப்புகள்

நிமாதி படித்துறை. பிரம்மபுத்திராவின் கரை. மாஜுலித் தீவுக்குப் படகு இங்கிருந்து. டீக்கடைகள் எல்லாம் மூங்கில். ஆறு கரையைக் கடித்தால் கடையை அவிழ்த்துப் பின்னால் கட்டுகிறார்கள். அஸ்திவாரம் என்று ஒன்றும் இல்லை.

படகில் ஏறியவை: மோட்டார் சைக்கிள்கள், ஒரு கார், ஆடுகள், அரிசி மூட்டை, தையல் மெஷின், பந்தல்காரனின் நாற்காலி அடுக்கு. அதற்கப்புறம் மனிதர்கள்.

படகு நேராகப் போகவில்லை. நேற்றைய வழி இன்று மணல். முன்னால் ஒருவன் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே வருகிறான். பின்னால் இருப்பவனிடம் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. கை மட்டும் அசைகிறது.

2021 செப்டம்பர் 8. இந்தக் கரைக்குப் பக்கத்தில்தான் இரண்டு படகுகள் மோதின. அதற்குப் பிறகு ஒற்றை இன்ஜின் தனியார் படகுகளுக்குத் தடை வந்தது. அந்த நாளைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஆற்றைப் பார்க்கிறார்கள்.

மறுகரை தெரியவில்லை.

எங்கள் ஊர்க் கொள்ளிடத்தில் எத்தனை வெள்ளம் வந்தாலும் மறுகரை தெரியும். ராத்திரி என்றால் நம்பர் ஒன் டோல்கேட் விளக்குகள்.

*

கூட வருகிற தம்பியைப் பற்றி. இருபத்தைந்து வயதிருக்கும். மிசிங் இனத்தவன். திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தான். தங்கியது திருவானைக்காவலில், கொள்ளிடக் கரையோரம். ஒரே அறையில் ஊர்க்காரப் பையன்கள் ஏழெட்டுப் பேர். தமிழ் அங்கே பழகியது. "நெய் ரோஸ்ட் முறுகலா ரெண்டு" என்பது நம்மைவிடச் சுத்தமாக வருகிறது.

என்னை "அண்ணா" என்கிறான். நான் "வாங்க போங்க" என்று பேசினால் சங்கடப்படுகிறான். ஓட்டலில் யாரும் அப்படிப் பேசியதில்லையாம்.

ஊரில் நிலம் இருந்ததா என்றேன்.

"இருந்துச்சு அண்ணா. இப்போ தண்ணி உள்ள இருக்கு."

*

மாஜுலி. வடக்கே சுபன்சிரியும் கேர்கூட்டியா சுதியும். தெற்கே பிரம்மபுத்திரா. நடுவில் இந்த மண். 2016இல் தனி மாவட்டம் ஆனது. ஓர் ஆற்றுத் தீவே மாவட்டமானது இந்தியாவில் இதுதான் முதல் தடவை.

பரப்பளவு கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். கின்னஸ் புத்தகத்தில் 880. செயற்கைக்கோள் படம் பார்த்துப் போட்ட கணக்குகள் பல அதைவிடக் குறைவு. பனிக்காலத்தில் அளந்தால் ஒன்று. ஆவணியில் அளந்தால் வேறொன்று.

2011 கணக்கெடுப்பில் மக்கள் 1,67,304. மண்ணைவிட மனிதரை எண்ணுவது சுலபமாக இருந்திருக்கிறது.

திருவானைக்காவலும் தீவில்தான் இருக்கிறது. முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் கல்லணைப் பக்கம் கிட்ட வரும்வரை நீளுகிற தீவு. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், தோப்புகள், வாழை. எங்கள் தெருவில் யாரும் தன்னைத் தீவுக்காரன் என்று சொல்லிக் கேட்டதில்லை. பாலங்கள் அதிகம்.

பிரம்மபுத்திராவைத் தாண்டி மாஜுலிக்குப் பாலம் இன்னும் இல்லை. 2021இல் அடிக்கல் நாட்டினார்கள்.

*

ஜெங்கராய்முக் பக்கம் மிசிங் ஊர்கள். சாலை கரைமேல் போகிறது. கரைக்கு இந்தப் பக்கம் வயல். அந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீருக்குள் வீடுகள்.

புரட்டாசி. இந்த வருஷத்து வெள்ளத்தில் இது கடைசி அலையாக இருக்கும் என்கிறார்கள். இடுப்பளவு இருந்தது முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. நிறம் பால்டீ.

கரையிலிருந்து வீட்டுக்குத் தோணி. தம்பியின் தங்கை வந்து கூட்டிப்போனாள். பள்ளிக்கூடச் சட்டையிலேயே துடுப்புப் போட்டாள். அவள் வயதில் எங்கள் தெருப் பெண்கள் சைக்கிள் பழகிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறை ஜூலையில். வெயிலுக்கு விடுகிற விடுமுறை நமக்கு. வெள்ளத்துக்குத் தோதாக இவர்களுக்கு.

அடிபம்பு ஒன்று உயரமான சிமெண்ட் மேடை மேல் நிற்கிறது. ஏறப் படிகள். சுற்றிலும் தண்ணீர். ஒரு பெண் தோணியை மேடையில் கட்டிவிட்டு ஏறிக் குடிதண்ணீர் அடிக்கிறாள்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

*

ஏணி: ஒரே மரம். வெட்டுப் படிகள். கோபாங் என்கிறார்கள். பாதி படி தண்ணீருக்குள்.

"செருப்ப கைல எடுத்துக்கோங்க அண்ணா. கால பக்கவாட்டுல வச்சு ஏறுங்க. நேரா வச்சா வழுக்கும்."

மேலே திண்ணை. கூரையின் நிழல் அங்கேவரை வருகிறது. வந்தவர் முதலில் அங்கே உட்கார வேண்டும். தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சு.

தரை: பிளந்த மூங்கில். நடந்தால் கயிற்றுக்கட்டிலில் நடப்பதுபோல் அமுங்கி எழுகிறது. வீட்டில் யார் எங்கே நடந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பாட்டி திரும்பிப் பார்க்காமலே பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காலடியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

இடுக்கு வழியாகக் கீழே தண்ணீர் தெரிகிறது. வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது. முகங்களின் அடிப்பக்கத்தில் ஒளி அசைகிறது.

பெருக்குமாறு வேலை குறைவு. சிந்தியது விழுந்துவிடும். மற்ற மாதங்களில் கீழே பன்றிகள் காத்துக்கொண்டிருக்கும். இப்போது பன்றிகள் கரைமேல், மூங்கில் பட்டியில்.

அறைகள் இல்லை. ஒரே நீளம். நடுவில் அடுப்பு.

*

அடுப்பு பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மூங்கில் தரைமேல் நெருப்பு. மரச்சட்டம் கட்டி அதில் மண் நிரப்பி, அந்த மண்மேல் எரிகிறது. மெராம் என்று பெயர். மேலே கயிற்றில் தொங்கும் தட்டுகள், அடுக்கடுக்காக. முதல் தட்டில் மீன் காய்கிறது. அதற்கு மேல் விறகு. அதற்கும் மேல் விதை, கூடை, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்த சாமான்கள்.

புகை வெளியே போக வழி செய்யவில்லை. வேண்டுமென்றுதான். கூரைக்கும் கழிகளுக்கும் கட்டுகளுக்கும் புகை ஏற வேண்டும். புகை ஏறிய மூங்கிலை வண்டு தொடாது. உள்ளே எல்லாம் கறுப்பு மினுமினுப்பு.

கண் எரிந்தது. வெளியே போய் நிற்கலாமா என்று நினைத்தேன். வெளியே என்பது தண்ணீர்.

கல்யாணமான மகன் தனி வீடு போவதில்லை. வீடு நீளும். இன்னும் சில கால்கள், இன்னொரு அடுப்பு. ஒரு வீட்டில் எத்தனை குடும்பம் என்று கேட்டால் அடுப்பை எண்ணிச் சொல்கிறார்கள்.

1521இல் புருனை போன இத்தாலியர் பிகாஃபெத்தா, கடல் தண்ணீரில் கால் ஊன்றி நின்ற அந்த ஊரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அவரும் ஊரை அடுப்புக் கணக்கில்தான் எழுதினார். 25,000 அடுப்பு. அந்தக் கம்போங் ஆயர் இன்றும் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் தண்ணீர்மேல்.

*

வீட்டில் ஆணி தேடினேன். பழைய பகுதியில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிரம்புக் கட்டு. தம்பியின் அப்பா ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டி மறுபடி கட்டினார். கை பார்க்க முடியாத வேகம்.

அவிழ்க்க முடிகிற வீடு.

ஆறு கரையைத் தின்றுகொண்டு வருகிறபோது வீட்டை அவிழ்த்துத் தோணியில் ஏற்றிவிடுகிறார்கள். கால், கழி, தரை, அடுப்புச் சட்டம். வேறு இடத்தில் ஊன்றுகிறார்கள். இந்த வீட்டின் நடுத்தூண்கள் முன்பு நின்ற இடம் எது என்று கேட்டேன். திண்ணையிலிருந்து கை நீட்டினார். அங்கே ஆறு.

பக்கத்து வீட்டுக்குக் கான்கிரீட் கால். வசதி வந்தால் அப்படித்தான் செய்கிறார்கள். மூங்கில் கால் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கான்கிரீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தோணியில் ஏற்ற முடியாது.

அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை காலை மாற்றிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

*

தூணில் கோடுகள். கத்தியால் கீறியவை. ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்கும் ஒன்று. வருஷம் எழுதவில்லை. கேட்டால் வருஷமாகச் சொல்வதில்லை. மூத்தவன் பிறந்த வெள்ளம். மாடு போன வெள்ளம். தங்கைக்குக் கல்யாணம் தள்ளிப்போன வெள்ளம்.

தரை எப்போதும் கடைசிக் கோட்டுக்கு மேலே. இதுதான் விதி. வேறு பொறியியல் இல்லை.

திருச்சியில் பெரியவர்கள் 1924 வெள்ளம் என்று தங்கள் அப்பாக்கள் சொன்னதைச் சொல்வார்கள். 1934இல் மேட்டூர் அணை வந்தது. அதற்குப் பிறகு வெள்ளக் கதைகள் குறைந்தன. 1977, 2005 என்று சிலது மட்டும். வீட்டுச் சுவரில் கோடு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

*

மிசிங் மக்கள் முன்பு மலையில் இருந்தவர்கள். இன்றைய அருணாசலத்துப் பக்கம். ஆதி மக்களுக்குச் சொந்தம். பல நூறு வருஷத்துக்கு முன் ஆற்றோடு கீழே இறங்கி வந்தார்கள். மலைச் சரிவில் தரை சமமாக இருக்காது. ஒரு பக்கம் கால் நீளம், மறுபக்கம் குட்டை. அங்கே சரிவுக்காகக் கட்டிய வீடு. இங்கே அதே வீடு வெள்ளத்துக்கு உதவியது.

சூரியனும் சந்திரனும் தெய்வம். தோன்யி, போலோ. பலர் சங்கரதேவரின் வைணவமும் ஏற்றவர்கள். மாஜுலியே சத்திரங்களின், அதாவது வைணவ மடங்களின், ஊர். அவுனியாத்தி சத்திரம் 1653இல் தொடங்கியது. வேறொரு சத்திரத்தில் முகமூடிகள் செய்கிறார்கள். அங்கே ஒரு நரசிம்மத்தைப் பார்த்தேன். மூங்கில் கூடு, அதன்மேல் துணியும் களிமண்ணும் சாணமும். தூக்கிப் பார்த்தால் எடையே இல்லை.

அரங்கனுக்கும் இந்த மண்ணுக்கும் நடுவில் எத்தனை ஆறு.

*

உச்சிக்காலத்தில் திருவானைக்காவலில் அர்ச்சகர் சேலை கட்டிக்கொள்வார். கிரீடம் வைத்துக்கொள்வார். அம்மன் சன்னதியிலிருந்து நடந்து வந்து ஜம்புகேஸ்வரருக்குப் பூசை செய்வார். அகிலாண்டேஸ்வரியே வந்து செய்வதாக ஐதீகம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கூட்டத்தில் யாரும் சிரித்துப் பார்த்ததில்லை.

கருவறையில் ஊற்று. லிங்கத்தைச் சுற்றி ஈரம் எப்போதும் இருக்கும். காவிரியில் தண்ணீர் வந்தால் ஊற்றும் கூடும் என்பார்கள். துணி விரித்து எடுத்துப் பிழிந்து காட்டுவார்கள்.

தண்ணீரை வெளியேற்ற அங்கே யாரும் மோட்டார் வைக்கச் சொல்லவில்லை.

ஒன்பது துளை சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். உள்ளே போகிற வாசல் குறுகல். யானை நுழையக் கூடாது என்று கோச்செங்கட் சோழன் அப்படிக் கட்டினான் என்பது கதை. முற்பிறவியில் சிலந்தி. லிங்கத்தின்மேல் சருகு விழாமல் வலை பின்னியது. யானை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி வலையைக் கலைத்தது.

அதே ராஜாதான் மாடக்கோயில்கள் கட்டினான் என்கிறார்கள். எழுபதோ என்னவோ. வைகல், நன்னிலம், ஆக்கூர், அம்பர். கருவறை உயரத்தில். படியேறிப் போக வேண்டும். யானை ஏற முடியாது என்பதுதான் எல்லா ஊரிலும் சொல்கிற காரணம்.

நான்கும் டெல்டா ஊர்கள். மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நிற்கிற வயல்கள்.

*

மாஜுலிக்கு யானைக் கூட்டம் வருகிறது. பனிக்காலத்தில் மணல்திட்டு மணல்திட்டாகத் தாண்டி. நெல் வாசனைக்கு.

"வீட்டுக்கு ஏறாதே?" என்று கேட்டேன்.

"ஏறாது அண்ணா. கால இழுக்கும்."

*

1950 ஆகஸ்ட் 15. சாயங்காலம். 8.6 அளவுக்கு நிலநடுக்கம். மலைகள் சரிந்து ஆறுகளில் விழுந்தன. சுபன்சிரி அடைபட்டு, பிறகு உடைத்துக்கொண்டு வந்தது. அத்தனை மண்ணும் கீழே வந்து படுகையில் படிந்தது. படுகை மேடேறியது. ஆழம் போன ஆறு அகலம் தேடியது.

தம்பியின் பாட்டி அப்போது குழந்தை. தண்ணீரில் கந்தக நாற்றம் வந்தது, மீன்கள் செத்து மிதந்தன என்று தன் அம்மா சொன்னதைச் சொன்னாள். நடுங்கிய மாதிரி கையைக் காட்டினாள்.

பிரம்மபுத்திராவில் படுகை உயர்ந்தது. கொள்ளிடத்தில் படுகை இறங்கிக்கொண்டிருக்கிறது. மணல் லாரிகள். சின்ன வயதில் நடந்த மணல் இப்போது நெஞ்சளவு கீழே. பழைய பாலத்தின் கிணற்று அஸ்திவாரங்கள் வெளியே தெரிய ஆரம்பித்தபோது அதை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறோம்.

2018 ஆகஸ்ட். மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல். அந்தப் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் விழுந்தன. போக்குவரத்தை முன்பே நிறுத்தியிருந்தார்கள். சில நாளில், 22ஆம் தேதி, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் போயின. ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிய அணை.

தம்பி அந்தச் சமயம் திருச்சிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாலம் விழுவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் நின்றது. அவனும் நின்றான். எல்லோரும் பாலத்தைப் பார்த்தார்கள். அவன் கரையைப் பார்த்தானாம். காலடியில் மண்ணில் விரிசல் ஓடுகிறதா என்று.

அவன் தள்ளிப் போய் நின்றபோது கூட நின்றவர்கள் பயந்தாங்கொள்ளி என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கோபம் இல்லை.

*

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் ஊரில் யாரும் அழுது பேசவில்லை. வரும். வண்டல் போடும். மீன் கொண்டுவரும். நான் எதிர்பார்த்தது வேறு.

கரை அரிப்பு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

வெள்ளத்துக்குக் கால் வீடு இருக்கிறது. கால் ஊன்ற மண்ணே போனால்?

அரிப்பில் நிலம் போனவர்கள் கரைமேல் குடிசை போட்டு இருக்கிறார்கள். வருஷக்கணக்கில். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் சாலை. அங்கேயும் தரையை இரண்டடி உயர்த்தித்தான் கட்டியிருக்கிறார்கள். கரைமேல் தண்ணீர் வராது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும்.

ஆற்றுக்குள் கான்கிரீட் கால்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். போர்க்குப்பைன் என்று பெயர். தண்ணீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் பிடிக்குமாம். பிரம்மபுத்திரா வாரியம் 2004இலிருந்து இங்கே வேலை செய்கிறது. சில இடங்களில் மண் பிடித்துப் புல் முளைத்திருக்கிறது. சில இடங்களில் அந்தக் கால்கள் மணல் வெளியில் தனியாக நிற்கின்றன. ஆறு வேறு பக்கம் போய்விட்டது.

சால்மோரா. சக்கரம் இல்லாமல் பானை செய்கிற ஊர். பெண்கள் கையால் தட்டித் தட்டி வடிவம் கொண்டுவருகிறார்கள். களிமண் ஆற்றங்கரையிலிருந்து ஆழத் தோண்டி எடுத்தது. கரையைக் காக்க வேண்டுமென்றால் தோண்டக் கூடாது. தோண்டாவிட்டால் பானை இல்லை.

இரண்டு பக்கமும் சொல்வது சரியாக இருக்கிறது. என்ன செய்ய.

*

1979. வெள்ளம் வடிந்த மணல்திட்டில் பாம்புகள் வெயில் தாங்காமல் செத்துக் கிடப்பதை ஒரு மிசிங் பையன் பார்த்தான். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மூங்கில் நட ஆரம்பித்தான். ஜாதவ் பாயெங். கோகிலாமுக் அருகே அந்தத் திட்டு இப்போது 550 ஹெக்டேர் காடு. யானைகள் வந்து தங்கிப் போகின்றன. 2015இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

முதலில் நட்டது மூங்கில் என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்கிறேன்.

*

சாப்பாடு. இலையில் பொட்டலமாகக் கட்டி அவித்த சோறு. இலை வாசனை சோற்றில். மீன், கீரை, சாம்பல் காரம் போட்ட குழம்பு. மிளகாய்க் காரம் குறைவு. தம்பி எனக்காக மட்டும் பச்சை மிளகாய் எடுத்துவந்து வைத்தான்.

அபோங். அரிசியிலிருந்து எடுக்கிற மது. வெள்ளை ஒன்று. உமியும் வைக்கோலும் கரித்துச் சேர்த்த கறுப்பு ஒன்று. வந்தவருக்குக் கொடுக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஒரு சுண்டைக்காய் அளவாவது உதட்டில் பட வேண்டும். பட்டது.

சிவப்பரிசி. பாவ் நெல். பங்குனி சித்திரையில் விதைக்கிறார்கள். தண்ணீர் ஏற ஏறத் தண்டும் ஏறுகிறது. ஆளுயரத் தண்ணீரிலும் தலை வெளியே. மார்கழி வாக்கில் அறுப்பு.

நம் பக்கம் மடுமுழுங்கி. தேங்கிய தண்ணீரில் நிற்கிற நெல். காட்டுயானம். உள்ளே யானை நின்றால் தெரியாது என்பார்கள், அவ்வளவு உயரம். அப்பாவின் தலைமுறை விதைத்தது. நான் பொட்டலத்தில்தான் பார்த்திருக்கிறேன், கிலோ விலை ஒட்டி.

*

தறி. வீட்டுக்குக் கீழேதான் அதன் இடம். தண்ணீர் வந்ததும் கழற்றி மேலே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். பாதி நெய்த துணி அதில் சுற்றியபடியே. சிவப்பும் கறுப்பும். தம்பியின் அம்மா மூன்று தடவை அதைத் தொட்டுப் பார்த்தாள், நான் பார்த்தவரையில்.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை என்ன என்று கேட்டேன். அடியில் சேறு வாருவது என்றார் அப்பா. தறி பூட்டுவது என்றாள் அம்மா.

*

ராத்திரி. தவளைச் சத்தம் தரைக்கு அடியிலிருந்து வருகிறது. படுத்தால் முதுகுக்குக் கீழே.

தோணி தூணில் இடிக்கும் சத்தம். இடைவெளி விட்டு விட்டு. பாட்டி எழுந்து போய்க் கயிற்றை இழுத்துக் கட்டினாள். தண்ணீர் இறங்குகிறது, கயிறு தளர்ந்துவிட்டது என்று தம்பி சொன்னான். இருட்டில், சத்தத்தை வைத்து.

நக்கவாரம் ஞாபகம் வந்தது. ராஜேந்திரனின் கல்வெட்டில் கடாரத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட தீவுகள். இன்றைய நிக்கோபார். அங்கேயும் காலூன்றிய வீடுகள்தான், உருண்டைக் கூரை. கல்வெட்டில் கொண்ட ஊர்களின் பெயர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார் என்பதை யாரும் கல்லில் வெட்டவில்லை. 2004 டிசம்பர் 26 அந்த வீடுகள் பலவற்றைக் கொண்டுபோனது.

*

நிலப் பத்திரம் எடுத்துக் காட்டினார் அப்பா. பிளாஸ்டிக் உறையில், கூரைக் கழியில் செருகி வைத்திருந்தார். வீட்டிலேயே உயரமான இடம். காகிதத்தில் நிலம் முழுசாக இருக்கிறது. எல்லைகள், அளவு, முத்திரை எல்லாம்.

இது என்றைக்காவது திரும்பி வருமா என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். ஆறு வேறு இடத்தில் மண் போடும், திட்டு எழும்பும். அது யாருடையது என்று அப்புறம் சண்டை வரும். பத்திரத்தில் இருக்கிற மண் அது கிடையாது.

நிலம் இருந்திருந்தால் பையனை அவ்வளவு தூரம் அனுப்பியிருக்க மாட்டேன் என்றார். தம்பி இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அவன் தங்கை இந்தியில் சொன்னாள்.

*

அப்பா என்னிடம் கேட்டது: உங்கள் ஊரில் தரையை எவ்வளவு உயரத்தில் வைக்கிறீர்கள்?

திண்ணை வைத்த வீடு, மூன்று படி என்றேன். இப்போது படி ஒன்றுதான் தெரிகிறது, சில வீடுகளில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்றேன்.

வீடு புதைகிறதா என்று கேட்டார்.

இல்லை, சாலை உயர்கிறது. தார்மேல் தார் போடுகிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. மழை பெய்தால் சாலைத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது.

தம்பி இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அப்பா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் போனை எடுத்து, திருவானைக்காவலில் அவர்கள் தங்கியிருந்த அறையின் படத்தைக் காட்டினான். வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் மணல் மூட்டை.

அவர் படத்தைப் பெரிதாக்கி அந்தச் செங்கல் அடுக்கை மட்டும் பார்த்தார். எத்தனை வரிசை என்று எண்ணினார்.

பிறகு சொன்னார்: தண்ணீரை வெளியே நிறுத்தப் பார்க்கிறார்கள். கீழே விட வேண்டும்.

*

தம்பி தீபாவளிக்குள் திருச்சி திரும்ப வேண்டும். ஓட்டலில் ஆள் குறைவு, முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணம் கால்களுக்கு.

இந்த வருஷம் வெள்ளம் கடைசிக் கோட்டுக்கு மேலே நான்கு விரல் ஏறியது. தரை நனையவில்லை. ஆனாலும் கோடு புதிது. அப்படியானால் வீடு உயர வேண்டும்.

பனிக்காலத்தில் மூங்கில் வெட்டுகிறார்கள். மூன்று வயது கடந்தது. தேய்பிறையில் வெட்டினால் வண்டு அடிக்காதாம். எங்கள் ஊர்த் தச்சரும் இதையே சொல்வார். வெட்டியதைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வாரக்கணக்கில். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும்.

கான்கிரீட் கால் போடலாம் என்கிறான் தம்பி. முன்பணம் அதற்குப் போதும், பாதிக்காவது. அம்மாவும் அவன் பக்கம். அப்பா மூங்கில் என்கிறார். கரை இன்னும் இருநூறு முழம்தான் இருக்கிறது, எத்தனை வருஷம் நிற்கும் என்று யாருக்குத் தெரியும் என்கிறார். பாட்டியைக் கேட்டார்கள். அவள் அடுப்பை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்றாள்.

நான் கிளம்பும்வரை முடிவாகவில்லை.